‘பெரிதாக ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதிய வாசகிக்கு

வாசகர் கேள்வி

வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 28. வெளிவாரிப் பட்டதாரி. நாலு வருடமாக ஒரு இறக்குமதிக் கம்பனியில் நிருவாக உதவியாளர். அரச நிறுவனம் ஒன்றில் நிருவாக உத்தியோகத்தர் பதவிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. ‘தேர்ச்சி அடிப்படையிலான கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை’ என்று போட்டிருக்கிறார்கள். முன்பு போன இரண்டு இடத்திலும் சான்றிதழைப் பார்த்து, அப்பா என்ன வேலை என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த முறை சம்பவம் கேட்பார்களாம். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 2022-ல் கரண்ட் இல்லாத நாட்களில் டெலிவரி சீட்டு அடிக்க ஒரு டைம் டேபிள் போட்டது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அதெல்லாம் சொல்லக்கூடிய விஷயமா? ஒரு ரியூட்டரியில் 100 கேள்வியும் பதிலும் அச்சடித்து விற்கிறார்கள், வாங்கலாமா? சிங்களம் பேசுவேன், ஆனால் கந்தோர்ச் சிங்களம் வராது. தமிழில் பதில் சொல்லலாமா? ஆள் பிடிக்காமல் அரச வேலை கிடைக்காது என்கிறார் மாமா. வேலையை விடப்போவதாக இப்போதே கம்பனியில் சொல்லிவிடவா?

பதில்

அன்பின் தங்கைக்கு,

சொல்லக்கூடிய விஷயமா என்று கேட்டீர்களே, அந்த டைம் டேபிளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயன்பட்ட ஒரே வரி அதுதான். எப்படிச் சொல்வது என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை நேர்முகம் என்று பார்ப்போம்.

அரச ஆட்சேர்ப்பில் இரண்டு வகை உண்டு. பொது நேர்முகப் பரீட்சையில் புள்ளி கிடையாது. நீங்கள் நீங்கள்தானா, சான்றிதழ் அசலா, வயதும் தகைமையும் அறிவித்தலில் சொன்னபடி இருக்கிறதா என்று சரிபார்ப்பதோடு அது முடிந்துவிடும். நீங்கள் முன்பு போன இரண்டும் அநேகமாக அந்த வகையாகவே இருந்திருக்கும். அப்பாவின் வேலையைக் கேட்டது வெறும் சம்பிரதாயம், அல்லது வேண்டாத விடுப்பு. கட்டமைக்கப்பட்ட நேர்முகம் வேறு. அங்கே எதற்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட திட்டம் இருக்கும். மேலதிகக் கல்வித் தகைமை, அனுபவம், மொழி, கணினி அறிவு, நேர்முகத்தில் காட்டிய திறமை என்று தலைப்புகள் போகும். பல அறிவித்தல்களில் அந்தப் பங்கீட்டையே அச்சிட்டிருப்பார்கள். உங்களுடைய அறிவித்தலை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். சான்றிதழால் வரும் புள்ளி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இந்த மூன்று கிழமையில் கூட்டக்கூடியது கடைசித் தலைப்பின் புள்ளியை மட்டும்தான்.

சம்பவம் ஏன் கேட்கிறார்கள்? ‘பொறுப்புணர்வு உள்ளவரா?’ என்று கேட்டால் இல்லை என்று சொல்கிற ஆள் உலகத்தில் இல்லை. ஜோன் ஃப்ளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க்கால விமானப் படையினரிடம் செய்த ஆய்வுகளை வைத்து 1954-ல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். வேலைக்கு எந்தக் குணம் வேண்டும் என்று அபிப்பிராயம் கேட்பதை விட்டு, குறித்த ஒரு சந்தர்ப்பத்தில் அந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்டுச் சேகரிக்கும் முறை அது. இன்றைய தேர்ச்சி நேர்முகத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆகவே நேர்முகம் நடத்தும் சபை உங்களிடம் குணம் கேட்காது. செய்கையைக் கேட்கும், அதுவும் ஒரு நாள், ஒரு இடம், ஒரு பிரச்சினை என்று குறித்துக் கேட்கும்.

நிருவாக சேவையில் இருந்த காலத்திலும் ஓய்வுபெற்ற பிறகும் இப்படியான சபைகளில் நான் இருந்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் புள்ளியை இழக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல வேலை செய்திருப்பார்கள். சொல்லும்போது தங்களையே அதிலிருந்து அழித்துவிடுவார்கள். ‘நான் செய்தேன்’ என்றால் பெருமையடிப்பதாகப் போய்விடும் என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பழக்கிவிட்டோம். ‘எல்லாரும் சேர்ந்து செய்தோம்’, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று அவர்கள் சொன்னால், எடுத்தது யார் என்று தெரியாமல் புள்ளி போடுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு சபையில் பார்த்ததைச் சொல்கிறேன். 2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கிய நேரம் நலன்புரி முகாமில் தொண்டராக இருந்த பையன் ஒருவர். ‘இடம்பெயர்ந்த மக்களுக்கு அர்ப்பணிப்போடு சேவையாற்றினோம்’ என்று தொடங்கினார். மேசையில் ஒருவரும் எழுதவில்லை. தலைவர் கேட்டார்: “தம்பி, ஒரு நாள் காலை பத்து மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள்? கையில் என்ன இருந்தது?” பையன் கொஞ்சம் தடுமாறி, “வாசலில், சேர். ஒரு சி.ஆர். கொப்பியோடு நின்றேன்” என்றார். முதல் நாள் பால்மா பக்கெட்டுகள் சில குடும்பங்களுக்கு இரண்டு தடவை போய், சிலருக்குக் கிடைக்காமல் சண்டை வந்ததாம். இரண்டாம் நாள் இவர் வாசலில் நின்று, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீடுகளை மட்டும் தனியாக எழுதி, அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கத்தைப் பக்கத்தில் குறித்து, அந்தப் பட்டியலைக் கிராம உத்தியோகத்தரிடம் காட்டி ஒப்பம் வாங்கிய பிறகே பங்கிட்டிருக்கிறார். அடையாள அட்டை வெள்ளத்தில் போனவர்களுக்கு? “பக்கத்து வீட்டார் ஒருவரைச் சாட்சிக்கு எழுதினேன்.” அந்த ஒரு வசனத்தில் மூன்று பேனாக்களும் ஓடத் தொடங்கின. திட்டமிடல், நியாயம், பதிவு வைத்தல், மேலிடத்துக்கு அறிவித்தல் எல்லாம் அந்தக் கொப்பிக்குள் இருந்தன. தலைவர் கேட்டிராவிட்டால் அது வெளியே வந்திருக்காது. எல்லாத் தலைவரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இப்போது உங்கள் டைம் டேபிளுக்கு வருவோம். இன்றைக்கு அதைக் கேட்டால் அநேகமாக இப்படித்தான் சொல்வீர்கள்: ‘2022 பொருளாதார நெருக்கடியின்போது எமது நிறுவனம் பல சவால்களுக்கு முகங்கொடுத்தது. நாம் குழுவாகச் செயற்பட்டு விநியோகத்தைத் தடையின்றி மேற்கொண்டோம்.’ இதற்கு நான் புள்ளி போடமாட்டேன். இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள். சில விவரங்களை நான் ஊகித்து நிரப்பியிருக்கிறேன். அந்த இடங்களில் உங்கள் உண்மையை வையுங்கள்.

“2022 மார்ச் கடைசி. மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. எங்கள் கந்தோர் ஒரு இடம், களஞ்சியம் வத்தளையில். சீட்டு இல்லாமல் சாமான் வெளியே போகாது. இங்கே கரண்ட் இருந்தால் அங்கே இருக்காது. லொறிகள் வாசலில் நின்றன. டீசலுக்கே வரிசையில் நின்று வந்த லொறிகள் அவை. சீட்டை நேரத்துக்குக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு பின்னேரமும் மறுநாள் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, இரண்டு இடத்திலும் ஒன்றாகக் கரண்ட் இருக்கும் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். அந்த நேரத்துக்குள் முழு நாளுக்கும் சீட்டை அடித்துவிடலாம் என்றேன். கணக்குப் பிரிவு மறுத்தது: காசு வராமல் சீட்டு அடிக்கக்கூடாது. அவர்கள் சொன்னது சரி. அதனால் சீட்டை அடித்து வைப்போம், காசு வந்ததைக் கணக்காளர் போனில் சொன்ன பிறகே களஞ்சியப் பொறுப்பாளர் முத்திரை குத்தட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முகாமையாளர் ஒப்பமிட்டார். பிறகு லொறி காத்துநிற்பது குறைந்தது. ஒரு சீட்டு மாறிப் போனது. அன்றைக்கே அதை ரத்துச் செய்து பதிந்தேன்.”

வாசித்தால் இரண்டு நிமிடம் வராது. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன என்ற வழமையான ஒழுங்கு அதற்குள் இருக்கிறது. ஆனால் நாலையும் சமமாகப் பங்கிடவில்லை. நிலைமைக்கு நாலைந்து வரி போதும், பாதிக்கு மேல் நீங்கள் செய்ததற்குப் போக வேண்டும். நம்மவர்கள் நாட்டின் பொருளாதார நிலைமையை விளக்கியே நேரத்தை முடித்துவிடுவார்கள். அந்த மேசையில் இருக்கிற எல்லாருமே 2022-ல் இந்த நாட்டில்தான் இருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்குப் பிரிவு மறுத்ததை மறைக்கவில்லை, அவர்கள் சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டும் இருக்கிறது. மாறிப் போன சீட்டும் இருக்கிறது. அரச கந்தோரில் ஒரு நிருவாக உத்தியோகத்தரின் பாதி நாள் இப்படித்தான் போகும்: வேலை நடக்கவும் வேண்டும், விதி உடையவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற அனுபவம் உங்களுக்கு இருக்கிறது என்று சபைக்குத் தெரிய வேண்டும்.

இப்படி ஆறேழு சம்பவம் போதும். அறிவித்தலில் உள்ள கடமைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள். கோவைகள், வரவுப் பதிவு, கொள்வனவு, கூட்ட அறிக்கை, பொதுமக்களின் முறைப்பாடு என்று அதில் எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கம்பனியில் அதற்கு ஒத்த வேலை செய்த ஒரு நாளை எழுதுங்கள். ஞாபகம் வரவில்லையா? பழைய மின்னஞ்சலைத் திறந்து, உங்களுக்கு ‘அவசரம்’ என்று வந்தவற்றைத் தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவும் நல்ல சாட்சி. கம்பனிக்கு வெளியே நடந்ததும் எடுபடும்: கோயில் திருவிழாக் கணக்குப் பார்த்தது, அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புச் சபையில் தண்ணீர்ப் பட்டியல் தகராறைத் தீர்த்தது, சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தோடு அலைந்த அயல்வீட்டு ஆச்சியைத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போய் அலுவல் முடித்துக் கொடுத்தது. ஆச்சி கதை ஒன்று உங்களிடம் இருந்தால் விடாதீர்கள். கருமபீடத்தின் வெளிப்பக்கம் நின்று பார்த்தவர் உள்ளே வந்தால் என்ன செய்வார் என்று சபைக்குக் கேட்கத் தோன்றும்.

இரண்டு கேள்விக்குத் தனியாக ஆயத்தமாகுங்கள். ஒன்று, சரிவராமல் போன வேலை. ‘நான் அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை’ என்பது எங்கள் காதுக்குப் புளித்துப்போன பதில். உண்மையாகச் சரிவராத ஒன்றைச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மற்றது, மேலே உள்ளவர் முறைக்கு மாறான ஒன்றைச் செய்யச் சொன்ன சந்தர்ப்பம். கம்பனிகளில் பழைய திகதி போட்டுக் கடிதம் அடிக்கச் சொல்வது நடக்காத விஷயமில்லை. அப்படி நடந்து நீங்கள் மறுத்திருந்தால், வீரக்கதையாக்காமல், என்ன சொல்லி மறுத்தீர்கள், வேறு என்ன வழி காட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், கம்பனியைப் பற்றிக் குறையும் வேண்டாம். இங்கே முதலாளியைத் திட்டுகிறவர் நாளைக்கு எங்கள் கோவையையும் வெளியே பேசுவார் என்று ஒருவராவது நினைப்பார். நடந்ததே இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அப்போது ‘நடந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று மாற்றிக் கேட்பார்கள். விதியைப் பார்ப்பேன், வாய்மொழிக் கட்டளையை எழுத்தில் கேட்பேன், கோவையில் என் அவதானிப்பைக் குறித்து மேலே அனுப்புவேன். அரச சேவையில் எழுதி வைப்பதுதான் உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பு.

அந்த 100 கேள்விப் புத்தகத்தை வாங்க வேண்டாம். காசு போவது ஒரு பக்கம். அதே வசனத்தை, அதே ‘குழுவில் ஒற்றுமையின்மையை நான் தீர்த்துவைத்த’ கதையை, ஒரே காலையில் மூன்று பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். முதல் கேள்விக்குப் பாடமாக்கிய பதில் தாங்கும். ‘அவர் ஏன் மறுத்தார்?’, ‘முகாமையாளர் அதை ஏன் தானே செய்யவில்லை?’, ‘இன்றைக்கு என்றால் என்ன மாற்றிச் செய்வீர்கள்?’ என்று இரண்டாவது, மூன்றாவது கேள்வி வரும்போது உடைந்துவிடும். நடந்த சம்பவத்துக்கு இந்தப் பயம் இல்லை, எங்கே தோண்டினாலும் விவரம் வரும். வீட்டில் போனில் பதிந்து கேளுங்கள். பழக உதவிக்கு அம்மா வேண்டாம், எல்லாவற்றுக்கும் ‘நல்லா இருக்கு’ என்பார். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற ஒரு ஆள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கடிதத்தைப் பார்த்தால் உங்கள் மாமா அதற்குப் பொருத்தமானவர்.

வாசிக்க வேண்டியது அதிகமில்லை. அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தேடி எடுங்கள். பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டவை தமிழிலும் கிடைக்கும். முன்பக்கத்து வாழ்த்துச் செய்திகளைப் புரட்டிவிட்டு, பின்னால் உள்ள கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைக்குப் போங்கள். எந்த முற்பணம் தீர்க்கப்படவில்லை, எந்தப் பொருள் பதிவில் இல்லை, எத்தனை வெற்றிடம் நிரப்பப்படவில்லை என்று அங்கேதான் இருக்கும். நிருவாகப் பிரிவின் உண்மையான தலையிடி அதுதான். அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழு அந்த நிறுவனத்தை அழைத்திருந்தால் அதையும் பாருங்கள். தாபன விதிக்கோவை (அரச உத்தியோகத்தரின் சேவை விதிகள்) எதைப் பற்றியது, நிதிப் பிரமாணங்கள் (அரச பணத்தைக் கையாளும் விதிகள்) எதைப் பற்றியது, 2016-ம் ஆண்டின் 12-ம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற அளவுக்குத் தெரிந்தால் நல்லது. பிரிவு இலக்கங்களைப் பாடமாக்க வேண்டாம். வெளியிலிருந்து வரும் ஆளிடம் அதை எதிர்பார்க்கிற சபை அரிது.

மொழி. அரச சேவைக்கு எடுக்கும் பரீட்சைக்குச் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22-ம் உறுப்புரை தந்திருக்கிறது. சேர்ந்த பிறகு மற்ற மொழியைக் குறித்த காலத்துக்குள் கற்கச் சொல்லலாம் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. ஆனால் உரிமையை வாசலில் வைத்துப் பேசுவதைவிட இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுவது கெட்டித்தனம்: ‘தமிழ் மொழிமூலம் பதிலளிக்க விரும்புகிறேன், தயவுசெய்து ஒழுங்கு செய்யவும்.’ பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். தமிழ் தெரிந்த ஒருவரைச் சபையில் சேர்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும். அதோடு என் சொந்த அபிப்பிராயம்: சுய அறிமுகத்தையும் ஒரு சம்பவத்தையும் சிங்களத்தில் சொல்லப் பழகுங்கள். கந்தோர்ச் சிங்களம் தேவையில்லை. காலிவீதி பஸ்ஸில் பேசுகிற சிங்களம் போதும். அதில் பிழை விட்டால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். சிங்களத்தில் தொடங்கி, ‘விவரத்தைத் தமிழில் சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்கிறவருக்கு மேசையின் அந்தப் பக்கத்தில் நல்லெண்ணம் உண்டாவதைப் பார்த்திருக்கிறேன். அது நியாயமா என்று கேட்டால், தமிழும் அரசகரும மொழியாக இருக்கிற நாட்டில் அப்படி நடக்கத் தேவையில்லைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது இந்த மாதத்துக்கான ஆலோசனை.

மாமா சொன்ன ஆள் பிடிக்கிற விஷயம். இந்த நாட்டில் அது இல்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் புள்ளித் திட்டம் எழுத்தில் உள்ள நேர்முகத்தில், ஒவ்வொரு உறுப்பினரும் தாளில் ஒப்பமிடுகிற இடத்தில், அதற்கு இடம் குறைவு. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வதை அரசியலமைப்பே குற்றம் என்கிறது. அரசியல்வாதியின் கடிதத்தோடு வருகிறவரைக் கண்டால் எரிச்சலடைகிற உறுப்பினர்களும் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். கிடைக்காமல் போனால், தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் புள்ளிகளைக் கேட்டு விண்ணப்பியுங்கள். எந்தத் தலைப்பில் குறைந்தது என்று தெரிந்தால் அடுத்த முறைக்கு உதவும்.

ஆவணங்களைக் கடிதத்தில் கேட்ட ஒழுங்கிலேயே ஒரு கோவையில் அடுக்குங்கள், மூலமும் பிரதியும் பக்கத்தில் பக்கத்தில். கம்பனியின் சேவைக் கடிதத்தில் பதவிப் பெயரும் திகதிகளும் விண்ணப்பத்தில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்; அனுபவத்துக்கான புள்ளி போவது அதிகமும் அந்த இடத்தில்தான். சாரியா சல்வாரா என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் கேட்பார்கள்: உட்கார்ந்து எழும்ப வசதியானதை உடுத்துங்கள்.

கம்பனியில் இப்போது வாயைத் திறக்க வேண்டாம். சேவைக் கடிதம் வேண்டுமென்றால் மேற்படிப்புக்கோ வங்கிக்கோ என்று பொய் சொல்லாமல், ‘சொந்தத் தேவைக்கு’ என்று கேளுங்கள், அது போதும். நேர்முகத்துக்கும் நியமனத்துக்கும் இடையில் மாதக்கணக்கு ஆகலாம்; வழக்கு வந்தால் இன்னும் இழுபடும். நியமனக் கடிதம் கையில் வந்து, பதவியேற்கும் திகதியும் தகுதிகாண் கால நிபந்தனையும் சம்பளத் திட்டமும் வாசித்த பிறகு, உங்கள் கம்பனி ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று பார்த்து விலகல் கடிதம் கொடுங்கள். அந்த நாட்கள் பதவியேற்கும் திகதிக்குள் அடங்காவிட்டால், நியமனம் தரும் நிறுவனத்துக்கு உடனே எழுதி அவகாசம் கேளுங்கள். நியாயமான காரணமென்றால் பெரும்பாலும் தருவார்கள்.